சைலோசி காரின் இரட்டைக் கண்

ஃபிஜித் தீவின் சவுசவு ஊரில் டாக்சி ஓட்டுகிறவர்கள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊருக்கே வணக்கம் போட்டபடி போவார்கள். சைலோசி அந்த ரகம் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இரண்டு கண்ணும் ரோட்டில். பின்னால் இருப்பவர் தூங்குகிறாரா, அழுகிறாரா, இறங்கியே போய்விட்டாரா என்றுகூடப் பார்க்க மாட்டார். கண்ணாடியில் பார்க்கலாமே என்றால், தேவாலயப் பாடகர் குழுவில் அவருக்குப் போட்ட மாலைகளெல்லாம் காய்ந்து அந்தக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு தொங்கின.

எல்லாம் ஒரு குதிரையால் வந்தது. தென்னந்தோப்பிலிருந்து திடீரென்று ரோட்டுக்கு வந்த குதிரைக்காக ஒதுங்கி, காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார் மனிதர். குதிரை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அதன் சொந்தக்காரரோ, சைலோசி தூங்கிக்கொண்டே ஓட்டினார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை. அன்றிலிருந்துதான் அந்த முறைத்த பார்வை.

மனைவி அலிசி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் லௌடோகா நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். சைலோசி மரவள்ளிக்கிழங்கை அவித்து, டின் மீனைத் திறந்து ஊற்றி, ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவருடைய அடிக்குரல் எழும்பினால் பெஞ்சு அதிரும். அதே குரல் நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் தொண்டையிலேயே படுத்துவிடும்.

காருக்குக் கேமரா வைக்கச் சொன்னவர் கவுண்டர். சந்தைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தாத்தாவின் தாத்தா கப்பலில் கொண்டுவந்த அந்தப் பெயரைத் தவிர அவருக்குத் தமிழில் வேறொன்றும் தெரியாது. சைலோசியும் அவரும் பாதி ஃபிஜி மொழியிலும் பாதி இந்தியிலுமாக மச்சான் முறை வைத்துத் திட்டிக்கொள்வார்கள்.

"பாரு மச்சான், இதுல ரெண்டு கண்ணு. ஒண்ணு ரோட்டப் பாக்கும், ஒண்ணு காருக்குள்ள பாக்கும். வெளிய குதிரை, உள்ள குடிகாரன், ரெண்டுக்கும் சாட்சி. முதல்ல உன் வண்டில சோதனை. நல்லாருந்தா ஸ்டாண்டுல எல்லாருக்கும் வரவழைக்கிறேன். மாட்டட்டுமா?"

சைலோசி புருவத்தைத் தூக்கினார். கவுண்டர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அங்கே ஆமாம் என்பதற்கு வாய் தேவையில்லை. கிழங்கு புதுசா, பஸ் போய்விட்டதா, பாதிரியார் வந்துவிட்டாரா, எதைக் கேட்டாலும் புருவம் ஒரு தடவை மேலே போய் வந்தால் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யாராவது வாய்விட்டு ஆமாம் என்றால், இவருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள்.

கேமராவை மாட்டிய சனிக்கிழமை மத்தியானம் தரைவினி வழக்கம்போல் அவர் காரில் ஏறினார். சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிற விதவை. விற்காத கூடை முன் சீட்டில், பின் சீட்டில் இரண்டு பக்கமும் சாக்குகள், நடுவில் அவர். சந்தையில் நாள் முழுக்கக் கத்திவிட்டு காரில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த மௌனம் சைலோசிக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க அந்த ஒரு சவாரிக்காகத்தான் அவர் காரைக் கழுவினார் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது ரகசியம்.

அன்று கடற்கரை வளைவு தாண்டியதும், சைலோசி ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தரைவினி, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா?" கொஞ்சம் விட்டு, "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இல்ல. எப்பவும்" என்றார்.

பின்னாலிருந்து சத்தமில்லை.

"கேட்டுச்சா?"

அதற்கும் சத்தமில்லை. சைலோசிக்குக் காதெல்லாம் சுட்டது. வீட்டு வாசலில் சாக்குகளை இறக்கி வைத்தார். தரைவினி நீட்டிய வாடகையைத் தரையைப் பார்த்தபடி வாங்கி, மிச்சத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில்தான் நெற்றிக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த கேமரா ஞாபகம் வந்தது. வயரைப் பிடுங்கிப் போட்டார். தன் அவமானத்தைக் கவுண்டர் வேறு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

அதன் பிறகு தரைவினி அவர் காரில் ஏறவில்லை. சனிக்கிழமைகளில் வேறு டாக்சியைக் கைதட்டிக் கூப்பிட்டு, இவருக்கு முன்னாலேயே ஏறிப் போனார். சரி, கிடைத்துவிட்டது பதில் என்று சைலோசி காரைக் கழுவுவதையே விட்டார். பாடகர் குழுவில் அவர் குரல் அதிரவில்லை. பெஞ்சு நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் பாடியவர்களுக்குத்தான் என்னவோ போலிருந்தது.

கவுண்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாண்டுக்கே வந்து காரின் கதவைத் திறந்தார்.

"யோவ், சோதனைக்குக் குடுத்த பொருள வயரப் பிடுங்கி வச்சிருக்க. நல்லாருக்கா இல்லையான்னு ஸ்டாண்டே என்னைக் கேக்குது. நான் என்ன சொல்லட்டும், மச்சானக் கேமரா கடிச்சிருச்சுன்னா?"

"நல்லாருக்கு. எடுத்துட்டுப் போ. ஆனா உள்ள இருக்கறத அழிச்சிடு."

"பாக்காம எப்படி அழிக்கிறது? பின் சீட்டு மூஞ்சி தெளிவா விழுதான்னு பாக்கணும்ல."

"பாக்காத கவுண்டரே."

அப்படிச் சொன்னால் எந்தக் கவுண்டர் பார்க்காமல் இருப்பார்? கேமராவின் மெமரி கார்டை உருவிக்கொண்டு கடைக்கு நடந்தார். சைலோசி பின்னாலேயே ஓடினார்.

திரையில் மேல் பாதி ரோடு, கீழ்ப் பாதி கார். மேலே தென்னைகளும் கடலும். கீழே, முன்னால் சைலோசியின் முகம். பேய் துரத்துகிற மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னய்யா இது, பிரசவ வலி வந்தவனாட்டம் இருக்க?" என்றார் கவுண்டர். அப்போதுதான் அந்தக் கேள்வி ஒலிபெருக்கியில் வந்தது. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இல்ல. எப்பவும். கவுண்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சைலோசி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

"மச்சான்."

"அழிச்சிடு."

"மச்சான், இங்க வா. புருவம்!"

கவுண்டர் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டிக் காட்டினார். சாக்குகளுக்கு நடுவில் தரைவினி. கேள்வி முடிந்ததும் அவர் கை மடியில் அசையாமல் நின்றது. பிறகு இரண்டு புருவமும் மேலே போய், ஒரு கணம் அங்கேயே இருந்து, இறங்கின. முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. முன் சீட்டுத் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 'கேட்டுச்சா?' என்றது சைலோசியின் குரல். புருவம் மறுபடியும் மேலே போனது. இந்தத் தடவை இன்னும் உயரமாக. காது கேட்காதவருக்குச் சொல்வதுபோல.

அப்புறம் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் பதிவாகியிருந்தது. மேல் பாதியில் ரோடு மட்டும் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இசா!" என்றார் கவுண்டர். ஃபிஜியில் மனசு இளகினால் வருகிற சத்தம் அது. உடனே கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தடவை சரின்னு சொன்ன பொம்பளைகிட்ட வாடகையா வாங்கின? மனுஷனா நீ?"

சைலோசி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தார். சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் அவருக்கு அழுகைதான் வந்தது. இவ்வளவு நாளும் மறுத்துவிட்டார் என்று தான் குமைந்ததைவிட, சம்மதம் சொல்லிவிட்டு அந்த அம்மாள் காத்திருந்த காத்திருப்பு பெரிதாகத் தெரிந்தது.

"உக்காந்து அழுதுக்கிட்டே இரு. சந்தை கலையப் போகுது. நாலு சாக்க ஏத்திட்டா வேற டாக்சி போயிரும்" என்று கவுண்டர் கார்டைத் திரும்ப அவர் கையில் திணித்தார். "வயரையும் சேத்து மாட்டிக்கிட்டுப் போ. சோதனை இன்னும் முடியல."

சைலோசி சந்தைக்கு வந்தபோது தரைவினி சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் கல்லாக இருந்தது.

"தரைவினி, உங்க புருவத்த நான் பாக்கல. ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னது?"

"அன்னைக்கு. நீங்க சொன்னத இப்பத்தான் கேமராவுல பாத்தேன். ஒண்ணுமே சொல்லலன்னு நெனச்சு..."

தரைவினி சாக்கைக் கீழே போட்டார். பக்கத்துக் கடைக்காரிகள் கிழங்கு அடுக்குவதை நிறுத்தினார்கள்.

"எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன் தெரியுமா? உங்க ஆளுங்க திமிங்கலப் பல்லத் தூக்கிட்டு முறையா பொண்ணு கேக்க வருவாங்கன்னு, அவரு பாயை விரிச்சு, வர்றவங்களுக்குக் கரைச்சுக் குடுக்க யங்கோனா வேர இடிச்சு வச்சு, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒருத்தரும் வரல. அடுத்த வாரமும் உக்காந்தாரு. கடைசில அவரே கரைச்சுக் குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல." குரல் உடைந்தது. "வாடகை வேற வாங்கினீங்க!"

"தப்புதான்."

"வாங்கி மிச்சம் வேற குடுத்தீங்க!"

ஒரு கடைக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. சைலோசி சாக்குகளைத் தூக்கி காரின் பின்னால் வைத்தார். கூடையை எடுத்து முன் சீட்டில் வைக்கப் போனார். தரைவினி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, பின் சீட்டில் வைத்துவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் தொங்கிய காய்ந்த மாலைகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

சைலோசி இந்தப் பக்கம் ஏறினார். சாவியைத் தொடவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து முழுசாகத் திரும்பினார்.

"தரைவினி, எப்பவும் வர்றீங்களா?"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அந்தப் பொட்டி ஓடுதா?" என்றார் தரைவினி.

"ஓடுது."

தரைவினி கேமராவுக்கு நேராகக் குனிந்தார். அதன் கண்ணைப் பார்த்து இரண்டு புருவத்தையும் நன்றாக மேலே தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இது எங்கண்ணனுக்கு" என்றார். பிறகு சைலோசி பக்கம் திரும்பி, கண்ணில் தண்ணீரோடு மறுபடியும் தூக்கினார். "இது உனக்கு. இப்பத் தெரிஞ்சுதா? தெரிஞ்சா ரோட்டப் பாத்து ஓட்டு."