எழுதி வாங்கிய மூன்று எஸ்டிமேட்

வாய்வார்த்தையை நம்பிக் கெட்டவள் நான். பல வருடம் குத்தகைக்கு உழுத நிலத்தை, "எங்கம்மா எழுதியிருக்கு?" என்ற ஒரே கேள்வியில் மிராசுதார் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். கரை வேட்டி கட்டிய என் வீட்டுக்காரர் கட்சி ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இனி எதையும் எழுதி வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்புறம் என் நகையை விற்று ஒரு பழைய வேன் வாங்கினோம். நடவுக்குப் பெண்களை ஊர் ஊராக ஏற்றிப்போவதுதான் பிழைப்பு. அவர் ஓட்டுவார், நான் ஆள் சேர்ப்பேன், கூடவே நடுவேன். கட்சிப் பைத்தியம் முற்றி, இன்ஜினின் மேல்மூடிக்குக்கூடப் பாதி கறுப்பு, பாதி சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார் மனுஷன். "இதுக்கு ஓட்டு இருக்கா?" என்று திட்டியிருக்கிறேன்.

சம்பா நடவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வேன் சூடேறி வெள்ளைப் புகை கக்கியது. நடவுக்குள் சரியாகாவிட்டால் பெண்கள் வேறு வேனில் ஏறிவிடுவார்கள். அந்த வருடச் சோறு அதோடு போச்சு. இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று, வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு மூன்று ஊர் பட்டறை ஏறினோம்.

தஞ்சாவூர்க்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. "வீட்டுக்காரர பேசச் சொல்லும்மா" என்றார். பேச வேண்டியவரோ டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விடுவேனா? நின்று எழுதி வாங்கினேன். யானை விலை.

மன்னார்குடிக்காரர், "எதுக்குங்க இன்ஜின மாத்துறீங்க? ஹெட்டக் கழட்டிப் பாப்போம். உள்ள இருக்குற கேஸ்கெட் தகடு போயிருந்தா, அத மட்டும் மாத்துனா முடிஞ்சிரும்" என்றார்.

"எவ்வளவு ஆவும்னு எழுதிக் குடுங்க."

"கழட்டாம எப்படிங்க எழுதுறது? வேணும்னா இன்ஜின் மாத்துற ரேட்ட எழுதித் தர்றேன்."

அதைத்தான் எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறவரை எப்படி நம்புவது? இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பட்டுக்கோட்டைக்காரன் எதையும் கழற்றவில்லை. சத்தத்தைக் கேட்டே, "இன்ஜின் பிளாக்கே வெடிச்சிருச்சுக்கா. இரும்புக் கடைக்குத்தான் ஆவும்" என்றான். விலை மற்ற இரண்டையும்விடக் குறைவு. இன்ஜின், கூலி, ஆயில், ஏழு நாள் கெடு எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினான். எழுதியதில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஏழாம் நாள் வேறொரு பழைய இன்ஜினோடு வேன் ஓடியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை. நடவுக்கு ஆள் வேண்டும் என்று மிராசுதாரே சொல்லியனுப்பினார். நாங்கள் உழுத அதே நிலம். பெண்களுக்குக் கூலி வேண்டுமே என்று மானத்தை மென்று விழுங்கிக்கொண்டு போனேன். பம்ப் கொட்டகையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மூடி பாதி கறுப்பு, பாதி சிவப்பு.

"பட்டுக்கோட்டையில வாங்குனது. கேஸ்கெட் மட்டுந்தான் மாத்துனாங்களாம். கல்லு மாதிரி ஓடுது" என்றார் தண்ணீர் பாய்ச்சுகிறவர்.

அன்று சாயங்காலமே பட்டுக்கோட்டைக்குப் போய், "நல்ல இன்ஜின வெடிச்சிருச்சுன்னு சொல்லி வித்துட்டியேடா, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

அவன் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கழட்டுன இன்ஜின் பட்டறைக்குத்தான்க்கா. தொழில் வழக்கம். ஒங்களுக்குன்னு சீட்டுல எங்க எழுதியிருக்கு?"

அதே கேள்வி. சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது?

மறுநாள் காலையில் பெண்களோடு வயலில் இறங்கினேன். எங்கள் இன்ஜின் தண்ணீர் இறைத்தது. எங்கள் நிலத்தில் நான் கூலிக்கு நட்டேன்.