தட்டு வெறுமனே வரட்டும்

எங்கள் அம்மா இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருந்தால், "இதைவிட நல்ல படம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். பிறகு, நான் எழுதியதில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடியிருப்பார். ஆகையால் உற்றார் உறவினர் அனைவருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அம்மா பொறுமையின் வடிவம் அல்லர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் நடப்பது வேலியைத் தாண்டக் கூடாது என்பதில் பெரும் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம், கிறிஸ்து பிறந்த நாளான நத்தார்க் காலம் ஒன்றில் உடைந்தது. அம்மாவை நினைக்கும்போது எனக்கு அந்த நாட்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அம்மா பாலையூற்றில் ஐந்து சகோதரிகளுக்கு நடுவில் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற மறு வருடம் ஐயாவை மணந்து, துறைமுகத்துக்கு அருகிலுள்ள இந்த வீட்டுக்கு வந்தார். ஐயாவுக்கு அப்போது கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரரிடம் வேலை. அவர்கள் போனபோது ஐயாவின் வேலையும் அவர்களோடு கப்பலேறிப் போனது. துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டும் வேலை ஐயாவுக்குக் கிடைக்கும்வரை, அம்மா தையல் மெசினை மிதித்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் பிறந்தது அதன் பின்னர். எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதைக் காணாமலே போய்விட்டார்கள். "அவவின்ர கையில பிள்ளை தங்காது" என்று யாரோ கிணற்றடியில் சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. சொன்னவர் யாரென்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காய்ச்சல், தடிமன்கூட அயலாருக்குத் தெரியாது. நாற்பது வயது தாண்டித் தம்பி பிறந்தபோது, மூன்று மாதம்வரை அவனை வாசலுக்குக்கூடக் கொண்டுவரவில்லை.

தம்பிக்கு ஒன்றே முக்கால் வயதில் வந்தது அந்த நத்தார். சீனி கூப்பனுக்கு, பாண் வரிசையில் என்றிருந்த காலம் அது. கேக் என்ற கதையே இல்லை. அம்மா நாட்டுச் சர்க்கரையை வைத்துப் பயற்றம் பணியாரமும் தொதலும் செய்தார். ஐயா வைக்கோலும் சாக்கும் கொண்டு பாலன் யேசுவுக்குக் குடில் கட்டினார். தம்பி முதல் நாளே ஒட்டகத்தின் காதைக் கடித்துத் துப்பினான். மறுநாள் ஓர் ஆட்டைக் கிணற்றடி வாளிக்குள் போட்டான். கடைசியில் குடிலைத் தூக்கித் தையல் மெசினின் மேல் வைத்தோம்.

எங்கள் வீட்டில் நத்தார்வரை குடிலின் தீவனத்தொட்டி வெறுமையாகத்தான் இருக்கும். பாலன் சுரூபம் அம்மாவின் அலுமாரியில், பஞ்சு வைத்த நெருப்புப்பெட்டிக்குள் இருக்கும். மெழுகில் செய்தது, என் சின்ன விரலில் பாதி. அந்த வருடம் தம்பியை வைத்துக்கொண்டு நடுச்சாமப் பூசைக்குப் போக ஏலாது என்று காலைப் பூசைக்குப் போனோம். வந்து, பாலனைத் தொட்டியில் கிடத்திச் செபம் சொன்னோம். அம்மா மேசையில் அயலாருக்கான பலகாரத் தட்டுகளை அடுக்கி, பின்னல் துணியால் மூடினார். "பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சமையல் குசினிக்குள் போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. புதுச் சட்டை போட்டிருந்தேன். தம்பியைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

முதல் தட்டை அடுத்த வீட்டுக் கிண்ணியா மாமியிடம் நான்தான் கொண்டுபோனேன். மாமி முஸ்லிம், கிண்ணியாவிலிருந்து நகருக்கு மணமாகி வந்தவர். அம்மா அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவார். பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும், நத்தாருக்கு இங்கிருந்து பலகாரம் போகும். தட்டை ஒருநாளும் வெறுமனே திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டு அன்று மாலைக்குள் அனுப்பிவிடுவார்கள்.

நான் திரும்பி வந்தபோது தம்பி மெசினுக்குப் பக்கத்தில் கதிரையில் ஏறி நின்றான். தொட்டி வெறுமையாக இருந்தது. அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். அம்மா ஓடிவந்து வாயைத் திறந்து பார்த்தார். பல்லில் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருந்தது.

"பாலன் எங்க ராசா? அம்மாவுக்குக் காட்டு."

அவன் சிரித்தான். அம்மா என்னைப் பார்த்தார்.

"நான் தட்டைக் குடுத்திட்டு இப்பதானே வந்தனான்" என்றேன்.

விழுங்கிவிட்டான் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தில் மெழுகு தெரியாது என்றார் டொக்டர். "வெளியில வருதோ எண்டு பாருங்கோ. சத்தி எடுத்தால், வயிறு ஊதினால் உடனே கொண்டு வாங்கோ. வெட்டத்தான் வேண்டி வரும்" என்றார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாசலுக்கு வந்ததும் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

ஐயா மட்டும் மனம் கேட்காமல் பங்குச் சுவாமியாரிடம் போய், இது பாவத்தில் சேருமோ என்று கேட்டுவிட்டு வந்தார். "நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ. பாலன் தன்னைப் பார்த்துக்கொள்ளுவார்" என்றாராம் சுவாமியார்.

அடுத்த மூன்று நாட்களும் எங்களுக்கு நத்தார் இல்லை. ஆனால் ஊருக்கு நத்தார்தானே, விருந்தினர் வந்தபடி இருந்தார்கள். அம்மா சிரித்த முகத்தோடு தேத்தண்ணீர் கொடுத்தார். தொட்டியைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். பாலன் எங்கே என்று கேட்டவர்களிடம், "மழைக் குளிர், போர்த்தி விட்டிருக்கு" என்று கூசாமல் சொன்னார். விருந்தினர் எழுந்து போனதும் அறைக்குள் ஓடித் தம்பியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். தம்பிக்கு வாழைப்பழத்தின்மேல் வாழைப்பழம். சட்டியில் வந்ததையெல்லாம் ஐயா ஈர்க்கைக் கொண்டு கிளறிப் பார்ப்பார். மூன்றாம் நாள் தம்பி சாப்பிட மறுத்தான். இருமினான். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இதுவும் தன் கையில் தங்காதோ என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நாளில் நான் கண்ணாடியை வெறுத்ததுபோல் எதையும் வெறுத்ததில்லை.

நான்காம் நாள் காலை, வேலியின் திறப்பான பொட்டால் குனிந்து கிண்ணியா மாமி வந்தார். கையில் எங்கள் தட்டு. மேலே எங்கள் பின்னல் துணி.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. தட்டு நாலு நாளாப் போச்சு. வீட்டுல ஒரு துளி சீனி இல்ல. சங்கக்கடையில இண்டைக்குத்தான் குடுத்தாங்க. மத்த நேரமெண்டாலும் பரவாயில்ல, இவரையும் வெறுந்தட்டுல அனுப்ப எனக்கு மனசு வரல்ல."

துணியை எடுத்தார். தட்டில் ஒரு பிடி வெள்ளைச் சீனி. அதன் மேல் பாலன் கைகளை விரித்துக்கொண்டு படுத்திருந்தார். இடக்கையில் இரண்டு பல் பதிந்து, நுனி மட்டும் பிய்ந்திருந்தது. தம்பி ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் பணியாரத்துக்குள் செருகித் துணியால் மூடிவிட்டிருக்கிறான். நான்தான் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

"நீங்க உங்கட பெருநாளுக்கெண்டு வேணுமெண்டுதான் வச்சு அனுப்பினதாக்கும் எண்டு நினைச்சேன். எங்கட கண்ணாடி அலுமாரிக்குள்ள, பிள்ளையள் தொடாம வச்சிருந்தேன்" என்றார் மாமி.

அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்: மெழுகு, ஆஸ்பத்திரி, கைக்குட்டை, ஐயாவின் ஈர்க்கு, கிணற்றடியில் கேட்ட அந்தச் சொல்லும்கூட. அம்மா அதை வாய்விட்டுச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

மாமி தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே! ஒரு வேலி தள்ளி நீங்க இந்தப் பாடு. நான் அந்தப் பக்கம் ஒரு பிடி சீனிக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தங்கச்சி?"

"ஓம் ராத்தா, சொல்லியிருக்கலாம்" என்றார் அம்மா. அம்மா தன் பிழையை ஒத்துக்கொண்டதற்கு என்னிடமுள்ள ஒரே சாட்சி அது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய அதிகாரக் குரலில் சொன்னார்: "இனிமேல் எங்கட ரெண்டு வீட்டுக்கும் இடையில தட்டு வெறுமனே வரட்டும். இருந்தால் போடுறதும் இல்லை, இல்லையெண்டு பிடிச்சு வைக்கிறதும் இல்லை."

இதற்குள் தம்பி தட்டடியில் உட்கார்ந்து சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, வாழைப்பழம்தான் அலுத்துப் போயிருந்தது. மிஞ்சிய சீனியில் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். ஐயா இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். எங்கள் நத்தார் அன்றுதான் நடந்தது.

அதன் பிறகு வேலிப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. அம்மா தன் கவலைகளை மாமியிடம் சொல்லப் பழகினார். நெஞ்சு நோவு வந்ததையும் எங்களுக்கு முன் மாமியிடம்தான் சொன்னார். அதனால்தான் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது, இன்னும் இரண்டு வருடம் அம்மா எங்களோடு இருந்தார். பத்து வயதுத் தம்பி பீடத்தில் பூசை உதவி செய்வதைக் கண்ணால் கண்டார்.

கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் மாமி பின்னேரம்தோறும் கஞ்சி அனுப்பினார். ஒருநாள் அம்மா கேட்டார்: "ராத்தாவின்ர சட்டியைக் கழுவிக் குடுத்தியோ?"

"ஓம் அம்மா."

"ஒண்டும் போடேல்லைத்தானே?"

"இல்லை அம்மா."

நல்லது என்பதுபோல் தலையை அசைத்துக் கண்ணை மூடினார். மறுநாள் விடிய, நோவில்லாமல், நித்திரையிலேயே கர்த்தரிடம் சென்றார். அவர் துன்பப்படவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

அம்மாவைப் பராமரித்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், செபித்த சுவாமியாருக்கும், பெட்டியைச் சுமந்த ஐயாவின் துறைமுகத் தோழர்களுக்கும், உப்புவெளியிலிருந்து வந்து நின்று வேலை செய்த சின்னம்மாமாருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் அனுப்பிய அத்தனை வீட்டாருக்கும் நானும் ஐயாவும் தம்பியும் கைகூப்புகிறோம். உங்கள் சட்டிகளையும் தட்டுகளையும் தம்பி கழுவித் துடைத்து மேசையில் அடுக்கியிருக்கிறான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவரவருடையதை எடுத்துச் செல்லுங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. அது அம்மாவின் உத்தரவு.