செவிட்டு நாய் என்றார்கள்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எண்பத்தாறில் தாராவியில் தோல்பை தைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றை அறையில் ஏழு பேர் படுப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்க் காப்பகத்துக்குப் போவேன். வளர்ப்பதற்கு யாராவது கூட்டிப்போவார்களா என்று கூண்டுகளில் நாய்கள் காத்திருக்கும். ஒரு பழுப்பு நாய் மட்டும் யார் கூப்பிட்டாலும் அசையாது. "அது செவிடு" என்றார் காவலாளி, இந்தியில்.

ஒருநாள் சும்மா, "ஏலே, சாப்ட்டியா?" என்றேன். காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கையை நக்கியது. ஏதோ தமிழ்க் குடும்பம் விட்டுப்போன நாய்!

செவிடில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் யாராவது கொண்டுபோய்விடுவார்களே. எனக்கோ வளர்க்க இடமில்லை. நான்கு மாதம், என் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அது கூண்டில் கிடந்தது.

பிறகு ஒரு மராட்டிப் பெண் வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். செவிடு என்று காவலாளி சொன்னதும் மனமில்லாமல் நகர்ந்தார். நாய் என்னையே பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை.

"காது நல்லா கேக்கும்மா. தமிழ்லதான் கூப்பிடணும்" என்று என் அரைகுறை இந்தியில் சொல்லி, அந்த இரண்டு சொற்களையும் கற்றுக்கொடுத்தேன்.

"ஏலே, ஸாப்தியா?" என்றார் அவர்.

வாலை ஆட்டிக்கொண்டு அவரோடு போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றும் ரயிலில் யாராவது தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால், நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.