செல்லத்தாய் ஏசுகிற படம்

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த கனகசபாபதிக்கு ஐம்பத்திரண்டு வயதில் படமெடுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. 2006இல் டிஜிட்டல் கேமரா வாங்கினார். மலையும் சூரிய உதயமும் அவருக்கு வேண்டாம். சாதாரண ஜனங்கள் தம்மை மறந்து இருக்கும் அந்த ஒரு நொடிதான் கலை என்று சாப்பிடும்போது மனைவி ஞானசுந்தரிக்கு விளக்குவார்.

"நீங்களும் உங்களை மறந்துதான் பேசுறீக. ரசம் ஊத்தி எம்புட்டு நேரமாச்சு!" என்பாள் அவள்.

கடையில் மூட்டை தூக்கும் கோட்டைச்சாமியிடம்தான் ஆரம்பித்தார். கேமராவைக் கண்டதும் அவன், "மொதலாளி, ஒரு நிமிசம்" என்று ஓடிப்போய்ச் சட்டை மாட்டி, தண்ணீர் தொட்டுத் தலை சீவி, மூட்டைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். மற்றவர்களும் அப்படியே. ஒரு மாதத்துப் படங்களும் வாக்காளர் அட்டைக்கு எடுத்தவை போலிருந்தன.

தெரிந்த முகமே இல்லாத இடம் வேண்டுமென்று திருத்தங்கலுக்கு பஸ் ஏறினார். அங்கே பட்டாசுக் கம்பெனி வேன், காத்திருந்த பெண்களைத் தாண்டிப் போய் நின்றது.

"ஏலே டிரைவரு, அங்கன கொண்டுபோய் நிப்பாட்டுனா நாங்க என்ன ஓட்டப்பந்தயத்துக்கா வந்துருக்கோம்?"

ஏசியவள் அந்தப் பெண்களில் ஒருத்தியான செல்லத்தாய். ஒரு கை இடுப்பில். மறுகை, தூக்குவாளியோடு வானத்தில். கனகசபாபதி கேமராப் பொத்தானை அமுக்கிவிட்டார். அவள் திரும்பினாள்.

"யாரு அண்ணாச்சி நீங்க? என்னத்தை எடுத்தீக?"

கேமராவின் திரையைக் காட்டினார். "வேண்டாம்னா அழிச்சிர்றேம்மா."

அவள் உற்றுப் பார்த்தாள். "ஏசும்போது நான் இப்படியா இருக்கேன்?"

"ஆமா" என்றார்கள் பின்னாலிருந்து நாலு பேர்.

"நல்லாத்தான இருக்கேன்! பெருசாப் போட்டுக் குடுங்க."

சட்டம் போட்டே கொடுத்தார். அடுத்த வாரம் அவள் புருஷன் முனியசாமி கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, சோத்துக்கு உக்காந்தா நேரே அந்தப் படந்தான். நேர்லயும் ஏச்சு, சுவத்துலயும் ஏச்சு. சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கனகசபாபதி கேமராவோடு அவர்கள் வீட்டுக்குப் போனார். செல்லத்தாய் பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "சிரிங்கம்மா" என்று சொல்லச் சொல்ல முகம் இறுகியது. அரைமணி நேரம் போனது. பக்கத்தில் நின்ற முனியசாமி பொறுக்க மாட்டாமல், "கொஞ்சம் பல்லைக் காட்டேன்" என்றார்.

"நீங்க செத்த சும்மா இருக்கீகளா? காலையில இருந்து உங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். படத்தில் இருந்த அதே முகம். அதைப் பார்த்ததும் முனியசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் தன் கடைக்கணக்கைக்கூட இவ்வளவு வேகமாகப் பார்க்காத கனகசபாபதி, சட்டென்று கேமராவை அவர் பக்கம் திருப்பினார்.

கேமராவை வாங்கிப் பார்த்த செல்லத்தாய்க்கு ஏச்சு பாதியில் நின்றது.

"இவுக இப்படியெல்லாம் சிரிப்பாகளா?" என்றாள். பிறகு, "இதையும் பெருசாப் போடுங்க அண்ணாச்சி."