ஓ நெகட்டிவ் தேடுன பத்து வரி

டெட்டால் வாசனையோட பக்கத்து ஃபேக்டரியில தேயிலை காயுற வாசனையும் கலந்து வரும்... சூரியநெல்லி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பி.சி.ஏ. முடிச்சதும் என்னோட மொத வேலை அங்கதான். கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்னு பேரு. டோக்கன் அடிக்கிறதும், பிரிண்டர்ல சிக்குன பேப்பர உருவுறதும்தான் வேலை.

அந்த வருஷம் ஆடி மழையில உருள்பொட்டல். அடிமாலி ரோட்டுல மண்ணு சரிஞ்சு வண்டி எதுவும் போகல. அன்னைக்குக் காலையிலதான் செல்விக்குப் பிரசவம். எங்க எஸ்டேட் லயத்துல நாலு வீடு தள்ளி இருக்கவ, எங்கூடப் படிச்சவ. பொட்டப்புள்ள பொறந்துச்சு... ரத்தப்போக்கு நிக்கல.

டாக்டர் கேட்டது ஓ நெகட்டிவ். ரத்தம் ஏத்த வசதி இருந்துச்சு. ரத்தம்தான் இல்ல.

ஹெட் நர்ஸ் ஸ்டெல்லா அக்கா எங்கிட்ட வந்தாங்க. "ஏட்டி, ரத்ததான கேம்ப்ல எழுதுன பேரெல்லாம் ஒங்கிட்டதான இருக்கு? பாரு."

இருந்துச்சு. ஆனா அதப் பதிஞ்சு வச்சிருந்த சாஃப்ட்வேர் எப்பவோ தொறக்காம போயிருச்சு. மிச்சம் இருந்தது கேம்ப்புக்கு ஒண்ணா எக்ஸ்எம்எல் ஃபைலுங்க மட்டும். நான் அப்பதான் பைத்தான்ல புரோகிராம் எழுதத் தானா கத்துக்கிட்டிருந்தேன். பத்து வரி எழுதி, எல்லா ஃபைலையும் படிச்சு ஓ நெகட்டிவ் பேர மட்டும் காட்டச் சொல்லி ஓட்டுனேன்.

ஒண்ணும் வரல. எரரும் இல்ல. வெறும் ஸ்கிரீன்.

"யாரும் இல்லக்கா..."

"இருக்காங்கட்டி. ஒருத்தருக்கு நானே ஊசி குத்திருக்கேன். பேருதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

ஒரு பழைய ஃபைல நோட்பேடுல தொறந்து கண்ணால படிச்சேன். புது ஃபைலுங்கள்ல ரத்த வகை, பேருக்குக் கீழ தனி டேகா, தனி வரியா இருக்கு. பழசுல பேரு இருக்குற டேகுக்குள்ளயே ஆட்ரிபியூட்டா ஒட்டிக்கிட்டு இருக்கு. என் ஸ்கிரிப்ட் கீழ மட்டும்தான் தேடிருக்கு. ஒரு வரி சேத்தேன்.

மூணு பேரு வந்துச்சு.

அக்கா மொத பேரப் பாத்து, "இவரு தேனிக்கே போயிட்டாரு"ன்னாங்க. ரெண்டாவது பேருல அவங்க வெரல் நின்னுருச்சு. "இவரு போன வருஷம் எறந்துட்டாரு."

மூணாவது ஆரோக்கியம் அண்ணன். பக்கத்து ஃபேக்டரியில அடுப்புக்கு வெறகு தள்ளுறவரு.

மழையிலயே ஓடுனேன். "அண்ணே, ஒங்க ரத்தம் வேணும்..."

யாருக்கு, என்னன்னு எதுவும் கேக்கல. "கை கழுவிட்டு வரட்டா?"ன்னு மட்டும் கேட்டாரு.

டெஸ்ட் எல்லாம் பாத்து எடுத்தாங்க. ஒரு யூனிட்டுதான்... ரோடு தொறக்குற வரைக்கும் செல்விக்கு அது தாங்குச்சு. பொழச்சுக்கிட்டா.

சாயங்காலம் லிஸ்ட்ட சரி பண்ணும்போது, எறந்தவரு பேர அழிச்சிரவான்னு அக்காகிட்ட கேட்டேன்.

"அழிக்காத. எறந்துட்டாருன்னு பக்கத்துல எழுதிப் போடு."

இப்ப கொச்சியில ஆபீஸ். எக்ஸ்எம்எல் பாத்தே வருஷமாச்சு. லட்சக்கணக்குல ரோ வரும், ஒரு ரோவுக்கு ஒரு ஆளு. அதுல ஏதாவது ஒரு கட்டம் காலியா இருந்தா, ஒரே கமாண்டுல அந்த ஆளுங்க எல்லாரையும் லிஸ்ட்டுல இருந்து தூக்கிருவோம். அதுக்கு க்ளீனிங்னு பேரு.

நேத்தும் அப்படித்தான். என்டர் தட்டுறதுக்கு முன்னாடி, தூக்கப்போற பேருங்கள கொஞ்ச தூரம் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன்...

ஒண்ணுகூட எனக்குத் தெரிஞ்ச பேரு இல்ல. யாருன்னு கேக்குறதுக்கு ஸ்டெல்லா அக்கா மாதிரி ஆளும் இல்ல. தட்டிட்டேன்.