சித்தி எழுந்து நின்ற படம்

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் சித்திக்கு ஓர் ஐரோப்பிய டைரக்டர் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. அப்படித்தான் அம்மா சொல்வாள். சித்தி அம்மாவின் தங்கை. மயிலாப்பூரில் எங்களோடு தங்கிக் காலேஜில் படித்துவந்தாள். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு கன்னியாஸ்திரி, அந்த மனிதருடைய படம் ஒன்றைப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினாராம். அன்றிலிருந்து சித்திக்கு வேறு எந்தப் படமும் ருசிக்கவில்லை. மற்றவர்கள் கதை சொல்கிறார்கள், இவர் மனுஷாளைப் பார்க்க வைக்கிறார் என்பாள். ஒரு முகத்தைக் காட்டினால், பார்க்கிற நமக்கே கூச்சம் வரும்வரை காட்டிக்கொண்டிருப்பாராம். எனக்குக் கத்திச் சண்டையும் குதிரையும் இருந்தால்தான் படம். ஆனாலும் சித்தி சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யுத்தம் ஓய்ந்து, ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை ஊரெல்லாம் கிழித்துக்கொண்டிருந்த சமயம். சித்திக்குச் சைதாப்பேட்டையில் இடம் முடிவாகி, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா சைதாப்பேட்டைக் கோர்ட்டில் வக்கீல். குடும்பப் பெண்களுக்குச் சினிமா ஆகாது என்பது அவருடைய கொள்கை. கல்யாணம் ஆகும்வரை சித்தி கொட்டகைப் பக்கமே போகக்கூடாதென்று அப்பாவும் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்துத்தான் லஸ் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு காட்சியாக, அந்த டைரக்டரின் படம் வந்தது.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது சந்தேகம் வரக்கூடாதென்று சித்தி வீட்டிலேயே யாரும் பார்க்காமல் எனக்கு விபூதி இட்டு, தானும் இட்டுக்கொண்டுதான் புறப்பட்டாள். வழியெல்லாம் என் கையை அவள் பிடித்திருந்த பிடி வலித்தது.

படத்தில் கடலோரக் கிராமம் ஒன்று. கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை. அக்காக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். மாவு பிசைகிறாள், விளக்கேற்றுகிறாள், மறுபடி உட்காருகிறாள். நான் நெளிந்தேன். சித்தி என் காதோடு சொன்னாள்: “வாயைப் பார்க்காதே. கண்ணைப் பாரு.” பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சித்தி மூச்சுவிடவே மறந்தவள்போல் இருந்தாள்.

ஆண்கள் பக்கம் முதலில் ஒரு சீழ்க்கை கேட்டது. பிறகு பெஞ்சுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். “இன்னாய்யா இது, குந்திக்கினே கீது? சண்டைப் படம் போடு” என்று ஒருவர் கத்தினார். தட்டல் வலுத்தது. சட்டென்று விளக்குகள் எரிந்தன. மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து, இதை நிறுத்திவிட்டு வேறு படம் போடுவதாகச் சொன்னார்.

அந்த வெளிச்சத்தில்தான் நான் அவரைப் பார்த்தேன். நாற்காலி வகுப்பில், மடித்த அங்கவஸ்திரத்தோடு, சைதாப்பேட்டை வக்கீல் மாமா. சித்தியின் புடவையைப் பிடித்து இழுத்து, தலையால் ஜாடை காட்டினேன். சித்தி திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“நாங்க இந்தப் படம் பார்க்கத்தான் வந்தோம். முழுக்கப் போடுங்கோ” என்றாள்.

கொட்டகை முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பியது. அவள் குரல் நடுங்கவில்லை. நான் பிடித்திருந்த புடவைதான் நடுங்கியது. எங்களுக்கு முன்னால் இருந்த சாந்தோம் கரையைச் சேர்ந்த ஓர் அம்மாள் எழுந்திருக்காமலே சொன்னாள்: “போடு நைனா. கடலுக்குப் போனவன் வர்ற வரைக்கும் நாங்களும் இப்டித்தான் குந்திக்கினு இருப்போம்.” யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பும் நின்றது. மேனேஜர் கையை அசைக்க, விளக்குகள் அணைந்தன. மீதிப் படத்தில் நான் நாற்காலி வகுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பே வக்கீல் மாமா வந்துவிட்டார். சினிமா ஆகாதென்கிறவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சின்ன வயசு, போகட்டும் என்றார். இனிமேல் சினிமாவுக்குப் போவதில்லை என்று பெண் தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதுவும் நடக்காததுபோல் கல்யாணத்தை நடத்திவிடலாம் என்றார்.

அப்பா சித்தியைப் பார்த்தார். கதவோரம் நின்ற அம்மா, சொல்லிவிடேன் என்பதுபோல் கையைப் பிசைந்தாள். சித்தி தூணருகே நின்றிருந்தாள். நானும் அவள் கண்ணையே பார்த்தேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அந்த மாதிரிப் படம் இன்னொண்ணு வந்தா நான் போவேன், மாமா” என்றாள்.

அவர் கொண்டுவந்த குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா சித்தியின் எதிரில் வந்து நின்றார். பிறகு கேட்டார்:

“அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல?”

“ஒண்ணுமே இல்லை, அத்திம்பேர். ஒருத்தி தம்பிக்காகக் காத்துண்டிருக்கா.”

சித்தி சொல்லத் தொடங்கினாள். மாவு பிசைவதை, விளக்கேற்றுவதை, ஜன்னலை, ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் அழுகைச் சத்தம் நின்றது. அம்மா மறுபடி கதவோரம் வந்து நின்றாள்.

“அவன் வந்தானாடீ?” என்றாள்.

“தெரியாது, அக்கா. கதவைத் தட்டற சத்தம் கேக்கறது. அவ எழுந்துக்கறா. அதோட முடிச்சுட்டார்.”

அம்மாவுக்கும் சித்திக்கும் இடையில் பிறந்த என் மாமா ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். அங்கே குண்டு விழ ஆரம்பித்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் வந்தது யாரென்று காட்டாமல் அந்த டைரக்டர் ஏமாற்றிவிட்டாரே என்று காலையிலிருந்து எனக்கு இருந்த கோபம்தான் அம்மாவுக்கும் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.