நடுவில் நிற்கக் கூடாது

எழுபத்திரண்டு பேர் இருந்த அந்தப் பதினொன்றாம் வகுப்பில் நான் என்ன கேட்டாலும் அதே ஐந்து பேர்தான் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் வாரம் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கருத்தை எழுத ஆரம்பித்தேன். ஒத்துக்கொள்பவர்கள் ஜன்னல் பக்கச் சுவருக்கும், மறுப்பவர்கள் கதவுப் பக்கச் சுவருக்கும் போய் நின்று, ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதி, நடுவில் நிற்கக் கூடாது. "நடுவுல நிக்கறவங்க பயந்தாங்கொள்ளி" என்று வீறாப்பாக வேறு சொல்லி வைத்திருந்தேன்.

அன்று எழுதியது: 'சாயப்பட்டறைகளை மூடினால்தான் ஆறு பிழைக்கும்.'

வகுப்பே கதவுப் பக்கம் சாய்ந்தது. திருப்பூரில் யார் வீட்டுச் சோறு பனியனிலிருந்து வரவில்லை? ஜன்னல் பக்கம் ஏழெட்டுப் பேர்தான். கடைசியாக, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"எங்கப்பா சாயப்பட்டறையிலதானுங்க மிஸ் வேலை செய்யறாரு. ஆனா எங்கூட்டு போர்த் தண்ணியில துணிகூடத் தொவைக்க முடியறதில்லீங்க. மூடோணுங்க."

கை தட்டப் போனேன். அப்போதுதான் வாசலில் தாளாளர் நிற்பதைப் பார்த்தேன். பள்ளியும் அவருடையது, ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையும் அவருடையது.

பலகையை நிதானமாகப் படித்தார். "உங்கப்பா யாருகிட்ட கண்ணு வேலை செய்யறாரு?"

"உங்ககிட்டத்தானுங்க சார்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள், ஆனால் சுவரை விட்டு நகரவில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"செரி. நீங்க எந்தப் பக்கமுங்க டீச்சர்?"

மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. ஜன்னலுக்கு நாலே எட்டுதான். வேலை போய்விடும் என்பதைத் தவிர என் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

"எனக்குப் பக்கமெல்லாம் இல்லீங்க சார். சும்மா பேச்சுப் பயிற்சிங்க" என்றேன். பலகையை நானே அழித்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளிடம் அப்பாவைப் பற்றி விசாரித்தேன். "வேலைக்குப் போறாருங்க மிஸ்" என்பாள். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதற்காக அப்படி நடுங்கினேன் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் வம்பில்லாததாகப் பார்த்து எழுதினேன்: 'வகுப்புக்கு செல்போன் கொண்டுவரலாம்.' இதற்கெல்லாம் அடிதடியே நடக்கும் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. பிறகு அந்தப் பெண் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த நடைவழியில் வந்து நின்றாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். நடைவழி கொள்ளவில்லை. இரண்டு சுவர்களும் காலியாகக் கிடந்தன.

"நடுவுல நிக்கக் கூடாதுன்னு சொன்னனில்ல?" என்றேன். என் குரல் எனக்கே எடுபடவில்லை.

"நீங்க நின்ன எடந்தானுங்க மிஸ்" என்றாள் அவள், எப்போதும்போல மரியாதையாக.